நிலா ரோவரின் 2.6 விநாடித் தாமதம்: அரியமான் மணலில் ஓட்டிப் பழகுவது எப்படி?

நிலா சராசரியாக 3,84,400 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ரேடியோ அலை போக ஏறக்குறைய 1.3 விநாடி, பதில் வர இன்னொரு 1.3. நிலாவில் ஊர்ந்து ஆராயும் ரோவர் வண்டியைப் பூமியிலிருந்து ஓட்டுபவரை இந்த இடைவெளி என்ன பாடு படுத்தும் என்பது, அதே தாமதத்தோடு ஒரு சின்ன வண்டியை ஓட்டிப் பார்த்தால்தான் புரியும். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை அதற்கு அருமையான இடம்.

ஈஎஸ்பி32 கேமரா போர்டு (வைஃபையும் கேமராவும் உள்ள சின்னக் கணினிப் பலகை), மோட்டார் டிரைவர் (போர்டு சொல்வதுபோல் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பலகை), நான்கு சக்கர வண்டி, பைத்தான் புரோகிராம் மொழி உள்ள லேப்டாப் போதும். வைஃபையில் வண்டி ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். சக்கரம் அகலமாகவே வாங்குங்கள். ஒல்லிச் சக்கரம் காய்ந்த மணலில் அச்சுவரை புதைந்துவிடும்.

படி 1: கட்டளைக்குத் தாமதம்

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் 1.3 விநாடி ‘ஸ்லீப்’ (சும்மா காத்திரு என்னும் வரி) போட்டால் புரோகிராமே நின்றுவிடும். மூன்று பட்டனை மளமளவென்று அழுத்தினால், மூன்றாவது கட்டளை ஏறக்குறைய 4 விநாடி கழித்துத்தான் போகும். நிலாவுக்கு அப்படிப் போகாது. நீங்கள் அழுத்திய அதே இடைவெளியில், ஒவ்வொன்றும் 1.3 விநாடி தள்ளிப் போய்ச் சேரும். ஆகவே அழுத்திய நேரத்தைக் குறித்து, கட்டளையை ஒரு வரிசையில் போடுங்கள். திரும்பத் திரும்ப ஓடும் தனி லூப் ஒன்று வரிசையின் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்து, 1.3 விநாடி ஆனதை மட்டும் அனுப்பட்டும்.

படி 2: வீடியோவுக்கும் அதேதான்

ஒவ்வொரு ஃப்ரேமையும் இதேபோல் நிறுத்திவைத்துக் காட்டுங்கள். இதை விட்டால் பாதித் தாமதம்தான் கிடைக்கும்.

படி 3: ஓட்டுவது

வண்டி விநாடிக்கு 25 செ.மீ. போனால், நண்டு வளையைத் திரையில் கண்டு நிறுத்துவதற்குள் 65 செ.மீ. ஓடியிருக்கும். ‘போ’, ‘நில்’ என்று தனித்தனியாக அனுப்பாதீர்கள். ‘ஒரு விநாடி ஓடி நில்’ என்று ஒரே கட்டளையாக அனுப்பி, படம் வந்தபின் அடுத்ததை யோசியுங்கள். சக்கரச் சுற்றை எண்ணித் தூரம் போடுவதை நம்பவேண்டாம். மணலில் சக்கரம் வழுக்கும்.

சந்திரயான்-3 நிலாவில் இறக்கிய பிரக்யான் ரோவர் விநாடிக்கு 1 செ.மீ. வேகம்தான். அதற்குத் தாமதத்தைவிடப் பார்வைதான் பெரிய தடை. அதன் கேமரா படங்களைப் பூமிக்கு இறக்கி, நிலவரைபடம் போட்டு, பிறகே பாதை வகுத்தார்கள். ஒரு நகர்வுக்கு அதிகபட்சம் 5 மீட்டர். 2023 ஆகஸ்ட் 27 அன்று 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் தெரிந்ததும், வந்த வழியே திரும்பச் சொன்னார்கள்.

பின்சேர்க்கை: வைஃபை அறுந்தும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். லேப்டாப்பிலிருந்து, தாமத வரிசைக்கு வெளியே, ‘இணைப்பு இருக்கிறது’ என்று சொல்லும் ஒரு சின்னத் துடிப்பு சிக்னல் வண்டிக்குப் போய்க்கொண்டே இருக்கட்டும். அரை விநாடி அது வராவிட்டால் போர்டே மோட்டாரை நிறுத்தவேண்டும்.   கடலைப் பார்த்து ஓட்டுவதாக இருந்தால், இதை வீட்டிலேயே சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.