லீவுக்கு வந்து சென்னைல பழைய ஃப்ளாட் வாங்குறவங்க பாக்க வேண்டியது

வெளிநாட்டுல இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்போ சென்னைல புது ஃப்ளாட்ட விட 80, 90கள்ல கட்டின பழைய ஃப்ளாட்டத்தான் தேடுறாங்க. காரணம் நியாயமானதுதான், மயிலாப்பூர் மாம்பலம் அடையாறு பக்கம்னா அப்பா அம்மா கோயிலுக்கும் டாக்டர்கிட்டயும் நடந்தே போய்ட்டு வந்துடலாம், ரூமெல்லாம் பெருசா இருக்கும், நிலத்துல பாகமும் ஜாஸ்தி வரும். ஆனா மூணு வார லீவுல வந்து ரெண்டாவது வாரம் ஒரு வீடு பிடிச்சுப்போய், ஃப்ளைட் ஏறுறதுக்குள்ள முடிச்சுடலாம்னு அட்வான்ஸ் குடுத்துடுறாங்க பாருங்க, தயவுசெஞ்சு அது மட்டும் வேணாம். பேப்பர் வேலைல பாதிய நீங்க இருக்குற ஊர்லேர்ந்தே முடிக்கலாம். இங்க வர்ற நாட்கள கட்டடத்தையும் அங்க குடியிருக்குறவங்களையும் பாக்குறதுக்கு வெச்சுக்கங்க.

முதல்ல நீங்க வாங்கலாமான்னு தெளிவு பண்ணிக்கங்க. இந்திய பாஸ்போர்ட் இருக்குற என்ஆர்ஐயும் (வெளிநாட்டுல வாழுற இந்தியர்) ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்குக் குடுக்குற கார்டு) இருக்குறவங்களும் வீடு வாங்கலாம், விவசாய நிலமும் தோட்ட நிலமும் பண்ணை வீடும்தான் கூடாது. இலங்கை பாஸ்போர்ட்ல இருக்குற நம்ம மக்களுக்கு ரிசர்வ் பேங்க் முன் அனுமதி வேணும். கனடா, லண்டன் குடியுரிமை இருந்தும் ஓசிஐ இல்லாதவங்க புரோக்கர் "அதெல்லாம் பண்ணிக்கலாம் சார்"னு சொன்னா நம்பாதீங்க, நேரா ஒரு வக்கீல்கிட்ட போங்க. பணம் என்ஆர்ஐக்குன்னே இந்திய பேங்க்ல இருக்குற என்ஆர்இ, என்ஆர்ஓ அக்கவுண்ட் வழியா இல்ல வெளிநாட்டு பேங்க்லேர்ந்து நேரா இந்திய பேங்குக்கு வரணும். பழைய ஃப்ளாட் விக்கிறவங்க சிலர் ஒரு பகுதிய கேஷா கேப்பாங்க, ஒத்துக்காதீங்க, அந்தப் பணம் பத்திரத்துல ஏறாது, நாளைக்கு நீங்க விக்கும்போது லாபம் பெருசா தெரிஞ்சு வரியும் அதிகமா கட்டணும்.

இப்ப முக்கியமான விஷயம், யூடிஎஸ், அதாவது பிரிபடாத பாகம், மொத்த நிலத்துல உங்க ஃப்ளாட்டுக்குன்னு வர்ற பங்கு. கட்டடம் 35 வருஷம் பழசுன்னா நீங்க குடுக்குற காசுல பெரும்பங்கு நிலத்துக்குத்தான் போகுது, அதனால எத்தன சதுர அடி வீடுங்குறத விட எத்தன சதுர அடி நிலங்குறத முதல்ல கேளுங்க. கணக்கு ஈஸிதான். ரெண்டு கிரவுண்டுன்னா 4800 சதுர அடி, அதுல ஒரே அளவுல எட்டு ஃப்ளாட் இருந்தா தலைக்கு 600 வரணும். உங்க பத்திரத்துல 420ன்னு இருந்தா மீதி எங்கன்னு கேக்கணும், ஒருவேளை பில்டர் தன் பேர்ல கொஞ்சம் வெச்சுட்டுப் போயிருப்பார், இல்லன்னா மொட்டைமாடில பின்னாடி கட்டின வீட்டுக்கு எழுதிக் குடுத்திருப்பார். முடிஞ்சா அசோசியேஷன்ல கேட்டு எல்லா ஃப்ளாட்டோட பாகத்தையும் கூட்டிப் பாருங்க, மொத்தம் நிலத்தோட அளவுக்கு சரியா வரணும். இத யாரும் செய்யறதில்ல, எனக்கு இதுல ரொம்ப வருத்தம்.

வில்லங்கம் பாக்குறதுக்கு நீங்க இங்க வரவே வேணாம், பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் சைட்லயே பாக்கலாம், பெரும்பாலான ஆபீஸுக்கு 1975லேர்ந்து இருக்கு. குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போடுங்க, ஃப்ளாட்டுக்கு மட்டும் போடாம மொத்த நிலத்தோட சர்வே நம்பருக்கும் போடுங்க, இடையில ரிஜிஸ்டர் ஆபீஸ் எல்லை மாறியிருந்தா பழைய ஆபீஸ்லயும் பாக்கணும். ஆனா ஈசி, அதாவது இந்த வில்லங்கச் சான்று, சுத்தமா இருந்தா எல்லாம் சுத்தம்னு நினைச்சுடாதீங்க. அந்தக் காலத்துல பத்திரத்த பேங்க்ல வெச்சு வாங்கின கடன் ஈசில வராமலே இருக்கலாம், அதனால ஒரிஜினல் தாய்ப்பத்திரத்த (சொத்து யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு காட்டுற பழைய பத்திரம்) கண்ணால பாக்கணும், ஜெராக்ஸ் போதாது. ஹவுசிங் போர்டு ஃப்ளாட்டா இருந்தா இன்னும் கவனம், சில பேர்கிட்ட ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தான் இருக்கும், போர்டுலேர்ந்து கிரயப் பத்திரம் வாங்காமலே பவர் பத்திரத்துல (ஒருத்தர் சார்புல இன்னொருத்தருக்கு அதிகாரம் குடுக்குற பத்திரம்) கை மாறி கை மாறி வந்திருக்கும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம்னா அது கோயிலுக்குச் சொந்தமான மனையான்னும் கேட்டுடுங்க.

விக்கிறவர் இறந்துபோனவரோட வாரிசுன்னா பொண்ணுங்க உட்பட எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணும், "தங்கச்சி ஒண்ணும் சொல்ல மாட்டா"ங்குற பேச்செல்லாம் வேணாம். இன்னொண்ணு, இந்த மாதிரி பழைய வீட்ட விக்கிற வாரிசும் இப்போ பாதி நேரம் உங்கள மாதிரியே வெளிநாட்டுலதான் இருக்காங்க. விக்கிறவர் இங்கயே இருக்குறவர்னா 50 லட்சமும் அதுக்கு மேலயும் போற வீட்டுக்கு 1 சதவீதம் டிடிஎஸ் (விக்கிறவருக்குக் குடுக்குற பணத்துலேர்ந்து நீங்களே பிடிச்சு அரசுக்குக் கட்டுற வருமான வரி) பிடிச்சா போதும், அவரும் என்ஆர்ஐன்னா பிடிக்க வேண்டியது பல மடங்கு ஜாஸ்தி, பிடிக்காம விட்டா பொறுப்பு வாங்குற உங்க தலைலதான். அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டர்கிட்ட பேசிடுங்க.

சிஎம்டிஏ (சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவ்டு பிளான் காப்பிய வாங்கி கைல வெச்சுக்கிட்டு கட்டடத்த ஒரு சுத்து சுத்துங்க. பிளான்ல தரையும் மூணு மாடியும்னு இருக்கும், நேர்ல நாலாவது மாடில ஒரு வீடு நிக்கும், பார்க்கிங்னு போட்ட இடத்துல ஒரு கடை இருக்கும். நீங்க வாங்குற ஃப்ளாட்டே அந்த பிளான்ல இல்லாததா இருந்தா எவ்வளவு மலிவா வந்தாலும் விட்டுடுங்க. கார் பார்க்கிங்கும் வாய் வார்த்தையா இருக்கக் கூடாது, பத்திரத்துலயோ அசோசியேஷன் ரெக்கார்டுலயோ எழுத்துல இருக்கணும்.

கட்டடத்தப் பாக்குறதுக்கு நல்ல நேரம் நவம்பர், டிசம்பர். ஜூலை ஆகஸ்ட்ல பசங்க லீவுக்கு வர்றவங்க கண்ணுக்கு எல்லா சுவரும் காஞ்சுதான் தெரியும், வடகிழக்குப் பருவமழை வந்தாத்தான் கசிவும் ஓதமும் வெளிய வரும். மேல் மாடி வீடுன்னா மொட்டைமாடித் தரைல பதிச்ச ஓடு நல்லா இருக்கான்னு பாருங்க, பாத்ரூமுக்கு கீழ இருக்குற வீட்டுக்காரங்ககிட்ட சீலிங்ல ஒழுகுதான்னு கேளுங்க. புதுசா பெயிண்ட் அடிச்ச ஒரே ஒரு சுவர் இருந்தா அங்கதான் ஏதோ இருந்திருக்குன்னு சந்தேகப்படலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடல் பக்கத்துல உப்புக் காத்துக்கு கம்பி துருப்பிடிச்சு ஊதி கான்கிரீட்ட பிளந்துக்கிட்டு வெளிய வரும், பால்கனி அடிப்பக்கம், சன்ஷேடு, பார்க்கிங்ல இருக்குற தூண், இந்த மூணு இடத்தையும் அண்ணாந்து பாருங்க. பூசி மறைச்ச மாதிரி இருந்தா ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூட்டிட்டுப் போய் டெஸ்ட் எடுங்க, வீட்டு விலைக்கு முன்னாடி அந்த ஃபீஸ் ஒண்ணுமே இல்ல. 2021 டிசம்பர்ல திருவொற்றியூர்ல 1993ல கட்டின அரசு குடியிருப்பு ஒண்ணு இடிஞ்சு விழுந்தது, முன்னாடியே விரிசல பாத்து மக்கள் வெளிய வந்ததாலதான் உயிர் பிழைச்சாங்க. வயரிங்கும் பழசா இருக்கும், மூணு ஏசி போடணும்னா அந்த லைன் தாங்காது, த்ரீ ஃபேஸ் இருக்கான்னு மீட்டர் பாக்ஸ திறந்து பாத்துடுங்க.

தண்ணிய பத்தி புரோக்கர கேக்காதீங்க. தெருமுனைல இஸ்திரி போடுறவர், வாட்ச்மேன், கீழ் வீட்டு அம்மா, இவங்கள கேளுங்க. 2019 கோடைல எத்தன லாரித் தண்ணி வாங்கினீங்க, 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயலப்பவும் தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சுன்னு கேட்டா கைய காட்டி சொல்லுவாங்க. வேளச்சேரி, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை பக்கம்னா இத கேக்காம வாங்கவே வாங்காதீங்க.

அசோசியேஷன் பதிவு பண்ணினதா, கணக்கு ஒழுங்கா இருக்கா, பழைய ஓனர் மெயின்டனன்ஸ் பாக்கி வெச்சிருக்காரா, எல்லாத்தையும் செக்ரட்டரிகிட்ட எழுத்துல வாங்குங்க. அதோட இடிச்சுக் கட்டுற பேச்சு ஏதாவது ஓடுதான்னும் கேளுங்க. 2024 மார்ச்ல அமலுக்கு வந்த அடுக்குமாடி குடியிருப்பு உரிமைச் சட்டத்துப்படி மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க ஒத்துக்கிட்டாலே இடிச்சுக் கட்ட வழி இருக்கு, அப்போ வாங்குன ரெண்டாவது வருஷமே அப்பா அம்மா வாடகை வீட்டுக்கு மாற வேண்டி வரலாம். வயசானவங்க நிம்மதியா இருக்கணும்னு வாங்குறீங்கன்னா இது சின்ன விஷயமே இல்ல.

செலவுக் கணக்குல முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ரிப்பேருக்குன்னு தனியா ஒரு தொகை. ரொம்பப் பழைய கட்டடத்துக்கு பேங்க்ல லோன் தர யோசிப்பாங்க, லோன் வேணும்னா முதல்லயே கேட்டுடுங்க. பதிவுக்கு நீங்க வர முடியலன்னா பவர் குடுக்கலாம், இந்தியத் தூதரகத்துல அத்தாட்சி வாங்கி அனுப்புங்க, அது இங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டி முத்திரை வெச்சுடணும். பொதுப் பவரா எழுதாதீங்க, இந்த ஃப்ளாட், இந்த வேலை மட்டும்னு எழுதி சொந்தத் தம்பியா இருந்தாலும் அவ்வளவு அதிகாரம் மட்டும் குடுங்க. பதிவு முடிஞ்ச கையோட சொத்து வரி, மெட்ரோ வாட்டர், ஈபி மூணுலயும் பேர் மாத்தச் சொல்லி மனு குடுத்துட்டு ரசீத போட்டோ எடுத்து வாங்கி வெச்சுக்கங்க, அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்னு விட்டா பழைய ஓனர் பேர்லயே வருஷக்கணக்குல ஓடும்.