மணற்காட்டில் ஒரு பகல்: கூட்டமாகப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாண மாவட்டத்தின் வடமராட்சி கிழக்கில், வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டினால் வருவது மணற்காடு. மணல் மேடுகள், சவுக்கந்தோப்பு, மீனவர் ஊர், திறந்த கடல். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் இருப்பதுபோலக் கடை, கழிப்பறை, உடை மாற்ற இடம் என்று இங்கே எதிர்பார்த்துப் போகாதீர்கள். உயிர்காப்பாளரும் இல்லை. தேவையான எல்லாம் காலையில் நீங்கள் பிடிக்கும் வாடகை வானில் ஏற வேண்டும்.

முதலில் காற்றைப் பாருங்கள். பிள்ளைகளின் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து நீங்கள் வரும் ஜூலை, ஓகஸ்டில் வீசுவது சோளகம். தென்மேற்கிலிருந்து வருவதால், இந்தக் கரையில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் அலை குறைவாகத் தெரியும்; ஆபத்தே அதுதான். காற்றடைத்த வளையமும் மெத்தையும் கண்மூடித் திறப்பதற்குள் ஆழத்துக்குப் போய்விடும், அதைப் பிடிக்க நீந்துபவரும் பின்னாலேயே போவார். அவற்றைக் கொண்டு வரவே வேண்டாம். மார்கழி விடுமுறை என்றால் வாடைக்காற்று. அலை நேரே கரையில் மோதும். அப்போது கடலில் இறங்காமல் மணல் மேடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பங்குனி, சித்திரையில்தான் பொதுவாகக் கடல் அடங்கியிருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை ஏறத்தாழ 33 கிலோமீற்றர். மணற்காட்டுக்கு நெல்லியடி, மந்திகை வழியாகப் போகலாம்; இடையில் நிற்பதையும் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம் கணக்கு வையுங்கள். காலை 6 மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏறுமுன் குளித்து முடிக்கலாம். ஓகஸ்ட் கடைசியில் உச்சிச் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். குளிர்நாட்டில் வளர்ந்த பிள்ளையின் தோல் அரை மணித்தியாலத்திலேயே சிவந்துவிடும். 11 மணிக்கு மேல் எல்லோரும் சவுக்கு நிழலுக்கு வந்துவிட வேண்டும். வான்காரருடன் நாள் வாடகை, தூரம், காத்திருக்கும் நேரம், அவருடைய சாப்பாடு எல்லாவற்றையும் முதல் நாளே பேசி முடியுங்கள். மணலுக்குள் வானை இறக்கச் சொல்லாதீர்கள். புதைந்துவிட்டால் மேலும் மேலும் முடுக்கினால் அச்சு வரை இறங்கிவிடும். ஆட்களை இறக்கி, சில்லுக் காற்றைக் கொஞ்சம் குறைத்து, சில்லின் முன்னால் காவோலையைப் போட்டு மெல்ல எடுக்க வேண்டும்.

குடிக்க ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர். உப்புக் கழுவ வேறாக இரண்டு பெரிய கலன். கண்ணாடிப் போத்தல் வேண்டாம். மணலில் உடைந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளின் காலில்தான் ஏறும். செருப்பைக் கழற்றாதீர்கள்: மத்தியான மணல் சுடும், மேடுகளில் இராவணன் மீசைப் புல் குத்தும்.

சாப்பாட்டுக்கு, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழை விட்டால் வேறென்ன? 15 பேருக்கு அரைக் கிலோ ஒடியல் மா, ஒன்றரைக் கிலோ மீன், ஒரு கிலோ நண்டு, அரைக் கிலோ இறால், ஒரு பிடி அரிசி, பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, செத்தல் மிளகாய், பழப்புளி, முருங்கையிலை. மாவை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை இறுத்துத் துணியில் பிழிய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கூழ் கசக்கும். மாவும் புளியும் தவிர்ந்த மற்றதெல்லாவற்றையும் தங்கும் வீட்டிலேயே அவித்து மூடி எடுத்து வாருங்கள். ஒடியல் மாவையும் புளியையும் கரையில் சின்னக் காஸ் அடுப்பில் கடைசியாகக் கரைத்து விட்டுத் துழாவினால் கட்டி படாது. வீட்டிலேயே மாவை விட்டு முடித்தால் போய்ச் சேருமுன் களியாக இறுகிவிடும். தோப்புக்குள் அடுப்பு மூட்டவே கூடாது; காய்ந்த சவுக்குச் சருகு ஒரு பொறியில் பற்றும், சோளகம் அதைப் பரப்பும். வானை மறைப்பாக வைத்து, சருகில்லாத வெறும் மணலில் மூட்டுங்கள். கூழ் குடிக்கப் பனையோலையில் மடித்த பிளா கிடைத்தால் நல்லது. மீனைக் கரையிலேயே வாங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கத்தோலிக்க ஊர், அன்று பெரும்பாலும் தொழிலுக்குப் போகமாட்டார்கள்.

தண்ணீரில் இறங்குமுன் வலை திருத்திக்கொண்டிருப்பவரிடம், “அண்ணை, இதில இறங்கலாமோ?” என்று கேளுங்கள். எங்கே இழுவை, எப்போது சொறி (ஜெல்லிமீன்) வருகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். விரித்த வலையை மிதிக்காதீர்கள். இடுப்பளவுக்கு மேல் யாரும் போகக் கூடாது. கரையில் குளிக்காத ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கடல் இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியேறிய பிறகு திரும்ப வேண்டும். அம்புலன்ஸ் 1990, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை மந்திகையில் இருக்கிறது. இரண்டையும் சாரதிக்கும் சொல்லி வையுங்கள்.

இது ஊரவர் வாழும் கரை. நீச்சலுடைக்கு மேல் ரீசேட்டும் நீளக் காற்சட்டையும் போடுங்கள், குடி வேண்டாம். மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயில் சுவரில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் போனவர்களின் கல்லறைகளும் இங்கே இருக்கின்றன. அவற்றைப் பின்னணியாக வைத்துச் சிரித்து நிற்பது அந்தக் குடும்பங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக் கூட்டி வாருங்கள். அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிட வேண்டாம், இராணுவ முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம். தெற்கே போர்முனையாக இருந்த நாகர்கோவில் பக்கம் பற்றைகளுக்குள் சுற்றாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

குப்பைக்கு மூன்று பெரிய பைகள் போதும். நண்டுக் கோதையும் சேர்த்துக் கட்டி வானில் ஏற்றுங்கள். நாலரை மணிக்குப் புறப்பட்டால் இருட்டுமுன் யாழ்ப்பாணம் சேரலாம். இருட்டினால் வழியில் மாடுகள் படுத்திருக்கும்.