தமிழ்நாடு–கேரள எல்லையிலிருந்து சார்ட்டர் விமானம்: நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

பொள்ளாச்சி, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கம்பம், போடி, செங்கோட்டை, களியக்காவிளை என்று தமிழ்நாடு–கேரள எல்லையை ஒட்டி வாழ்கிறவர்களுக்குக் கோவை, கொச்சி, மதுரை, திருவனந்தபுரம், தூத்துக்குடி ஆகிய விமான நிலையங்களில் ஒன்றிரண்டாவது சில மணி நேரச் சாலைப் பயணத்துக்குள் கிடைத்துவிடும். டிக்கெட் எடுத்துப் பறக்கிறவர் இவற்றில் எது பக்கம், எதில் கட்டணம் குறைவு என்று பார்த்தால் போதும். ஒரு குடும்பத்துக்காகவோ நிறுவனத்துக்காகவோ நோயாளிக்காகவோ ஒரு சிறு விமானத்தைச் சார்ட்டராக, அதாவது முழுதாக வாடகைக்கு அமர்த்துகிறவர் அதை மட்டும் பார்த்தால் சிரமப்படுவார். நான் சித்தூர்ப் பக்கம் இருந்துகொண்டு மில் முதலாளிகளுக்கும் ஏலக்காய் வியாபாரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இந்த ஏற்பாடுகளைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நிலையம் எவ்வளவு பெரியது என்பதல்ல, எட்டுப் பேர் ஏறும் ஒரு விமானத்தை அது எப்படி நடத்துகிறது என்பதுதான் முக்கியம் என்பதை அனுபவத்தில் உணர்ந்திருக்கிறேன். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வழியை இங்கே எழுதுகிறேன்.

நிலையத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே விமானத்தின் உரிமத்தைப் பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் கட்டணம் வாங்கிக்கொண்டு சார்ட்டர் பயணிகளை ஏற்றிச் செல்ல, டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்கும் நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர் பெர்மிட், அதாவது அட்டவணை இல்லாத விமானங்களை இயக்குவதற்கான உரிமம் வேண்டும். ஒரு தொழிலதிபர் தம் சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்து வைத்திருக்கும் விமானத்தை, குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது என்பதற்காகத் தரகர் மூலம் அமர்த்துவது சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையும் கேள்விக்குறியாகிவிடும். விமானத்தின் பதிவெண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்தியப் பதிவெண் விடி (VT) என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்த எண் எந்த நிறுவனத்தின் பெர்மிட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை எழுத்து மூலமாகக் கேளுங்கள். தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

ஓடுதளத்தின் நீளத்தைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கொச்சியில் 3,400 மீட்டர், கோவையில் 3,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, மதுரையில் 2,285 மீட்டர் இருக்கிறது. வாடகைக்குக் கிடைக்கும் கிங் ஏர், பிலாட்டஸ், சைட்டேஷன் போன்ற விமானங்களுக்கு இவை தாராளம். தூத்துக்குடி வாகைக்குளத்தில்தான் நெடுங்காலம் 1,350 மீட்டர் ஓடுதளத்தோடு காலம் தள்ளினார்கள். அதை 3,115 மீட்டராக நீட்டிக்கும் திட்டத்தின் பகுதியாகக் கட்டப்பட்ட புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. செங்கோட்டை, தென்காசிப் பக்கம் உள்ளவர்கள் இனி அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் இருக்கும் ஓடுதளத்தைப் பற்றிக் கம்பம், குமுளிப் பக்கத்து நண்பர்கள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அது தேசிய மாணவர் படையின் பயிற்சிக்காக அமைக்கப்பட்டது. நீளம் 650 மீட்டர்தான். 2022 டிசம்பர் 1 அன்று முதன்முதலாக அங்கே இறங்கியது ஒரு சின்னப் பயிற்சி விமானம். வாடகை விமானத்துக்கான இடம் அது அல்ல.

ஓடுதளத்தைவிட அதிகச் சிக்கல் தருவது விமானம் நிற்க வேண்டிய இடமும், அதுவரை நீங்கள் போய்ச் சேரும் வழியும்தான். காலையில் வந்து மாலையில் திரும்ப வேண்டிய தொழிலதிபருக்காக விமானம் பகல் முழுவதும் ஏப்ரான் எனப்படும் நிறுத்துதளத்தில் நிற்க வேண்டியிருக்கும். அட்டவணை விமானங்கள் வரிசையாக வந்து போகும் காலை, மாலை நேரங்களில் சிறு விமானத்துக்கு இடம் கொடுக்க நிலையங்கள் யோசிக்கும். இறங்க அனுமதி தந்துவிட்டு, ஆட்களை இறக்கியதும் வேறு நிலையத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வதும் உண்டு. அந்த வெற்றுப் பயணத்தின் செலவு உங்கள் தலையில்தான் விழும். ஆகவே 'இறங்க முடியுமா' என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நிற்கலாம், இரவில் தங்கலாமா, நிற்கும் இடம் (ஸ்டாண்ட்) உறுதியாகிவிட்டதா என்ற மூன்றையும் விமான நிறுவனத்திடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

இந்த விஷயத்தில் கொச்சி மற்ற நிலையங்களைவிட ஒரு படி மேலே இருக்கிறது என்பது என் கருத்து. பழைய உள்நாட்டு முனையத்தை மாற்றியமைத்து, 40,000 சதுர அடியில் தனி விமானங்களுக்கென்றே ஒரு முனையத்தை 2022 டிசம்பரில் திறந்தார்கள். சோதனை, காத்திருப்பு அறை, குடியேற்றம், சுங்கம் எல்லாம் அங்கேயே முடிந்துவிடுவதால், வெளிநாட்டிலிருந்து நேராகத் தனி விமானத்தில் வருகிறவர்களுக்கும், வயதானவர்களை அழைத்துச் செல்கிறவர்களுக்கும் அது பெரிய ஆறுதல். பாலக்காட்டிலிருந்து கோவை விமான நிலையம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி அதைப் போல் இரு மடங்கு தூரம். இருந்தாலும் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பாட்டியை அழைத்துச் செல்ல வேண்டும் என்றால், குதிரான் சுரங்கம் வழியாகக் கொச்சிக்கே போகச் சொல்வேன். காரில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது, கூட்டம் மிகுந்த முனையத்தில் ஒரு மணி நேரம் நிற்பதைவிட எவ்வளவோ மேல். தனி முனையம் இல்லாத நிலையங்களில் சார்ட்டர் பயணிகளும் பொதுவான சோதனை வரிசை வழியாகவே போக வேண்டியிருக்கலாம். அப்படியானால், நிலையத்தில் விமானத்துக்கும் பயணிகளுக்கும் வேண்டிய தரைப் பணிகளைக் கவனிக்கும் ஹேண்ட்லிங் ஏஜென்சியின் ஆள் ஒருவர் வாசலிலேயே வந்து அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். அவருடைய கைபேசி எண் முந்தைய இரவே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நோயாளியை ஏற்றுவதென்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்ட ஒருவரைச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. விமானம் நேரத்துக்கு வந்து நின்றுவிட்டது. நாங்கள் முந்தைய நாள் கேட் பாஸுக்குக் கொடுத்திருந்த ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் குழாய் கசியவே, மருத்துவமனை கடைசி நேரத்தில் வேறு வண்டியை அனுப்பியிருந்தது. "அண்ணா, பாஸ்ல இருக்கற நம்பர் வேற, நம்ம வண்டி நம்பர் வேறங்கறாங்க, உள்ள விட மாட்டேங்கறாங்க" என்று ஓட்டுநர் பதற்றத்தோடு அழைத்தார். கம்பிவலை வேலிக்கு அந்தப் பக்கம் விமானத்தின் கதவு திறந்திருப்பதும், ஸ்ட்ரெச்சரை ஏற்றத் தயாராக இருவர் நிற்பதும் எனக்குத் தெரிந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் வண்டிக்குள் அவருடைய மகள், அப்பாவின் முகத்தில் வழிந்த வியர்வையைத் துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். புதிய பாஸ் வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. காவலில் இருந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். எண் மாறினால் உள்ளே விடாமல் இருப்பதுதான் அவருடைய வேலை. அன்றிலிருந்து எந்த நிலையமானாலும் இரண்டு வண்டிகளின் எண்களையும், இரண்டு ஓட்டுநர்களின் அடையாள அட்டை விவரங்களையும் சேர்த்தே கொடுக்கிறேன். அந்த மகளின் கையில் இருந்த துணி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. இதைப் படிக்கிற யாருக்கும் அப்படியொரு ஐம்பது நிமிடம் வரக்கூடாது. ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவுக்குக் கதவு இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். பிலாட்டஸ் பிசி-12 விமானத்தின் பின்பக்கத்தில் பெரிய சரக்குக் கதவு இருப்பதால், நோயாளியை அதிகம் சாய்க்காமல் ஏற்ற முடிகிறது.

அடுத்து, நிலையம் அந்த நேரத்தில் திறந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். சிறிய நிலையங்கள் நாள் முழுவதும் இயங்குவதில்லை; நேரம் கடந்து திறந்து வைக்கச் சொன்னால் தனிக் கட்டணம் உண்டு. பெரிய நிலையங்களும் மூடப்படுவதுண்டு. ஓடுதளத்தைப் புதுப்பிப்பதற்காகக் கொச்சியில் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை பகல் நேரத்தில் விமானங்களை இயக்கவில்லை. திருவனந்தபுரத்தில் பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் ஆறாட்டு நாளன்று பத்மநாபசுவாமி ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு ஓடுதளத்தைக் கடந்து செல்வதால், ஆண்டுக்கு இரண்டு முறை மாலையில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. அந்த மரபை மதித்து நிலையமே நின்று வழிவிடுவது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. ஆனால் களியக்காவிளை, நாகர்கோவில் பக்கத்திலிருந்து அன்று மாலை புறப்பட நினைக்கிறவர் அதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட மாற்றங்களை விமானிகளுக்கு அறிவிக்கும் குறிப்புக்கு நோட்டாம் என்று பெயர். பயணத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன்பு ஒரு முறையும், முந்தைய இரவு ஒரு முறையும் நோட்டாமைப் பார்த்துச் சொல்லுமாறு விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

எரிபொருளில் மாநில எல்லையின் பாதிப்பு நேரடியாகத் தெரியும். விமான எரிபொருள் இன்னும் சரக்கு சேவை வரிக்குள் வரவில்லை; ஒவ்வொரு மாநிலமும் தன் மதிப்புக்கூட்டு வரியை விதிப்பதால், எல்லையில் உள்ள வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலை ஒன்றாக இருக்காது. எங்கே நிரப்பப் போகிறார்கள், அது வாடகையில் அடங்குமா என்று கேட்பது நல்லது. பிஸ்டன் எஞ்சின் கொண்ட சின்ன விமானத்துக்கு வேண்டிய ஏவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல் எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வானிலை இந்த எல்லையில் தனிப் பாடம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் காற்றை, கஞ்சிக்கோட்டில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவரைக் கேட்டால் தெரியும். கோவை ஓடுதளம் வடகிழக்கு–தென்மேற்காக அமைந்திருப்பதால் அந்தக் காற்று பெரும்பாலும் ஓடுதளத்தின் திசையை ஒட்டியே வருகிறது. ஆனாலும் சிறு விமானத்தில் குலுக்கல் பலமாக இருக்கும். பயப்படுகிறவர்களையும் முதியவர்களையும் அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்கு முன்பே ஏற்றிவிடுவேன். அதே பருவத்தில் கணவாய்க்கு மேற்கே உள்ள நிலையங்களில் மழைதான் முக்கியச் சிக்கல். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நெடும்பாசேரி இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. அப்போது சிறிய பயணி விமானங்கள் கொச்சி நகருக்குள் இருக்கும் கடற்படைத் தளத்தில் இறங்கின. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில், மேட்டுநிலத்தின் மேல் அமைந்த ஓடுதளத்தில், மழையிலும் பின்காற்றிலும் இறங்கிய விமானம் ஓடுதளத்தின் முடிவைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். விமானி வேறு நிலையத்துக்குப் போகிறேன் என்றால் 'மீட்டிங் இருக்கிறது, எப்படியாவது இறக்குங்கள்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் கொச்சிக்குப் பயணம் வைத்தால் கோவையிலும் ஒரு காரைத் தயாராக வைத்திருப்பேன். அந்தக் கார் வாடகை வீண் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

மூணாறுக்கோ தேக்கடிக்கோ ஹெலிகாப்டர் கேட்கிறவர்களுக்கு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உட்பட அதிலிருந்த அனைவரையும் இழந்தோம். வானிலை திடீரென்று மாறி, மேகத்துக்குள் நுழைந்ததில் விமானி இட உணர்வை இழந்ததே காரணம் என்று விசாரணைக் குழு கண்டது. இரண்டு எஞ்சினும் தேர்ந்த விமானிகளும் இருந்த இராணுவ ஹெலிகாப்டருக்கே அப்படி என்றால், வாடகை ஹெலிகாப்டரை மலைக்கு அனுப்பும்போது எவ்வளவு நிதானம் வேண்டும்! காலையில் மட்டும் போங்கள். மேகம் இறங்கிவிட்டால் காரிலேயே போவது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். கொச்சி விமான நிலையத்திலிருந்து மூணாறு 110 கிலோமீட்டர், மதுரையிலிருந்து குமுளி ஏறக்குறைய 140 கிலோமீட்டர். அரை நாளில் போய்விடலாம்.

பணக் கணக்கில் ஏமாறாமல் இருக்க ஒன்று தெரிந்தால் போதும். விமானம் எங்கே தங்கியிருக்கிறதோ, அங்கிருந்து உங்களிடம் வருவதற்கும் திரும்பிப் போவதற்கும் சேர்த்தே மணிக்கணக்கு ஓடும். சென்னையிலோ பெங்களூரிலோ தங்கியிருக்கும் விமானத்துக்குக் கோவையும் மதுரையும் பக்கம். அந்த மிச்சம் நிறுத்தக் கட்டணத்தையும் சாலைப் பயணத்தையும் ஈடுகட்டிவிடலாம். வரி, தரையிறங்கும் கட்டணம், ஹேண்ட்லிங், விமானிகள் தங்கும் செலவு எல்லாம் உட்பட ஒரே தொகையாக எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, பயணத்தன்று வழியனுப்ப வந்த காரை விமானம் நகர்ந்ததுமே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். விமானத் திட்டத்துக்கும் வான் பாதுகாப்புக்கும் உரிய அனுமதி எண்கள் தாமதமாகி எஞ்சின் அணைக்கப்பட்டதையும், மேலே போன பிறகு திரும்பி இறங்கியதையும் பார்த்திருக்கிறேன். புறப்பட்டு அரை மணி நேரம் கழித்து நிறுவனத்தின் அலுவலகத்தை அழைத்து, விமானம் பாதையில் செல்கிறது என்ற பதில் கிடைத்ததும் ஓட்டுநரை வீட்டுக்குப் போகச் சொல்லலாம்.