சிப்பி வாங்கி, ஃப்ரீசரில் வைத்து, வறுத்துச் சாப்பிட

நம் டெல்டா பக்கத்து மீன் சந்தையில் இறாலும் நண்டும் கிடைப்பது போலச் சிப்பி தினமும் கிடைக்காது. முத்துப்பேட்டை காயல் மாதிரி உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடங்களில், கல்லிலும் கட்டையிலும் ஒட்டி வளர்வது அது. வழக்கமாக மீன் வாங்கும் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பங்குனியில் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறும் அந்த 61 நாளில் ஃப்ரீசர் பொட்டலம் கைகொடுக்கும்.

வாங்கும்போது

"எங்க எடுத்ததுக்கா?" என்று கேட்டுவிடுங்கள். சிப்பி தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித்தான் இரை தேடும். சாக்கடை கலக்கிற இடத்தில் வளர்ந்தால் அந்தக் கிருமியும் அதற்குள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து முகத்துவாரம் கலங்கிக் கிடக்கும்போது நான் வாங்குவதே கிடையாது.

ஓடு இறுக மூடியிருக்க வேண்டும். லேசாகத் திறந்திருந்தால் விரலால் தட்டுங்கள், உயிருள்ளது மூடிக்கொள்ளும். மூடாததையும் ஓடு உடைந்ததையும் ஒதுக்கிவிடுங்கள். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் வாளித் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், நல்ல தண்ணீரில் செத்துவிடும். குழிந்த ஓடு கீழே இருக்கும்படி தட்டில் அடுக்கி, ஈரத்துணியால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளுக்குள் உடைத்துவிடுவது நல்லது.

உடைப்பது

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதலில் பிரஷ்ஷால் சேறு போகத் தேய்த்துக் கழுவுங்கள். தடித்த துண்டை இரண்டாக மடித்து, சிப்பியை அதில் பொதிந்து பிடியுங்கள். ஓட்டின் ஓரம் கையைக் கிழித்துவிடும். இரண்டு ஓடும் சேரும் கூர்மையான முனையில், குட்டையான மழுங்கல் கத்தியை நுழைத்து, சாவி திருப்புவது போலத் திருப்புங்கள். 'டக்'கென்று விடும். பிறகு மேல் ஓட்டை ஒட்டியே கத்தியை இழுத்தால் சதையைப் பிடித்திருக்கும் தசை அறுபடும். கீழேயும் அப்படியே. உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டாமல் கிண்ணத்தில் பிடித்து, வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீசரில் வைப்பது

ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் சிறிய டப்பாவில் போட்டு, அந்தத் தண்ணீரையே சதை மூழ்கும்வரை ஊற்றுங்கள். உறையும்போது உப்பும் என்பதால் மேலே அரை அங்குலம் விட்டு மூடி, தேதி எழுதி ஒட்டுங்கள். மைனஸ் 18 டிகிரியில் 2, 3 மாதம் நன்றாக இருக்கும். சமைப்பதற்கு முந்தைய இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும், மெதுவாக இளகிவிடும். இளகியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். புயல் மழையில் கரண்ட் போய் டப்பா முழுக்க இளகி, குளிர்ச்சியும் போயிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். 2018இல் கஜா அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லையே!

இன்னொன்று. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். சூடான கடலோரத் தண்ணீரில் இயல்பாகவே இருக்கும் விப்ரியோ என்ற பாக்டீரியா, உறைந்தாலும் பிழைத்துக் கிடக்கும். வீடியோவில் எலுமிச்சை பிழிந்து பச்சையாக விழுங்குவதைப் பார்த்து இங்கே யாரும் முயல வேண்டாம். சர்க்கரை, ஈரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கண்டிப்பாகக் கூடாது.

சமைப்பதும் பரிமாறுவதும்

ஓட்டோடு வேண்டுமென்றால், உடைக்காத சிப்பியை இட்லிப் பானையில் ஆவி வந்தபின் வையுங்கள். வாய் திறந்த பிறகும் 4 முதல் 9 நிமிடம் வேக வேண்டும். கடைசிவரை திறக்காததைத் தூக்கிப் போடுங்கள்.

ஃப்ரீசர் சிப்பிக்கு எனக்குப் பிடித்தது மிளகு வறுவல். நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, நிறையச் சின்ன வெங்காயம் வதக்கி, மஞ்சள்தூள் போட்டு, சிப்பியை அதன் தண்ணீரோடு ஊற்றிக் கொதிக்க விடுங்கள். 3 நிமிடமாவது தளதளவென்று கொதித்து, ஓரமெல்லாம் சுருண்டு வர வேண்டும். தண்ணீர் வற்றியதும் பொடித்த மிளகு, கொஞ்சம் தேங்காய்த் துருவல் தூவி இறக்குங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். அந்தத் தண்ணீரே உப்புத்தான். சுடு சோறு, ரசத்தோடு பரிமாறலாம். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாத விருந்தாளி இருந்தால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடுகளைத் தெருக் குப்பையில் அப்படியே வீசாமல் தடித்த சாக்கில் கட்டிப் போடுங்கள். வெறுங்காலோடு நடப்பவர்கள் மிதித்தால் ஆழமாகக் கிழிக்கும்.