ஃபயர்வால் போர்ட் விட்டு விட்டு வேலை செய்கிறதா? ரீபூட் பண்ணுவதற்கு முன் இதைப் பாருங்கள்

ஆபீஸில் நெட் போகும், யாராவது எழுந்து வந்து புகார் சொல்வதற்குள் திரும்ப வந்துவிடும். இப்படி அடிக்கடி நடந்தால் பழி முதலில் இன்டர்நெட் கம்பெனி மேல் விழும், அடுத்து வைஃபை மேல். ஃபயர்வாலின் (ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் நிற்கும் காவல் பெட்டி) ஒரு போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை, விழுந்து விழுந்து எழுகிறதோ என்ற சந்தேகம் கடைசியில்தான் வரும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்க்கலாம். பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். உங்களிடம் வேறு பெட்டி இருந்தால் மெனு பெயர்கள் மாறும், தேடும் வரிசை மாறாது.

தயவுசெய்து முதல் வேலையாக ரீபூட் பண்ணாதீர்கள். பண்ணினால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், எல்லோரும் நன்றி சொல்வார்கள், ஆனால் எர்ரர் கணக்குகள் அத்தனையும் பூஜ்யத்துக்குப் போய்விடும், நாளைக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

படி 1: லாக்

ஸ்டேட்டஸ் மெனுவில் சிஸ்டம் லாக்ஸை (பெட்டி தானே எழுதிவைக்கும் குறிப்புகள்) திறந்து, நெட் போனதாகச் சொன்ன நேரத்துக்குப் போங்கள். 'லிங்க் ஸ்டேட் சேஞ்ச்டு டு டவுன்' என்று ஒரு வரி, சில விநாடிகளில் 'அப்' என்று இன்னொரு வரி, கூடவே ஹாட்பிளக் என்று ஏதாவது இருந்தால், லிங்க்கே, அதாவது கேபிள் வழி இணைப்பே, விழுகிறது என்று அர்த்தம். வரியின் தொடக்கத்தில் எந்த போர்ட் என்று இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நொடியில் இரண்டு மூன்று போர்ட் சேர்ந்து விழுந்திருந்தால் போர்ட்டை விட்டுவிட்டு, அவை போய்ச் சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) கரன்ட் ஒழுங்காக வருகிறதா, யூபிஎஸ் மாறும்போது அது அணைந்து எழுகிறதா என்று பாருங்கள்.

இங்கே பலரும் குழம்பும் ஒரு இடம் இருக்கிறது. லாக்கில் லிங்க் 3 விநாடிதான் போயிருக்கும், ஆட்களோ அரை நிமிடம் நெட் இல்லை என்பார்கள். இரண்டுமே உண்மைதான். ஸ்விட்ச்சில் பழைய ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வளையம் விழாமல் தடுக்கும் முறை) ஓடினால், போர்ட் எழுந்ததும் 15 விநாடி கேட்கும், 15 விநாடி கற்கும், அதற்கு அப்புறம்தான் டிராஃபிக்கை விடும். ஃபயர்வால் போகும் ஸ்விட்ச் போர்ட்டை எட்ஜ் போர்ட் என்று மாற்றினால் இந்தக் காத்திருப்பு போய்விடும். லிங்க் விழுவது மட்டும் நிற்காது, அதனால் அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

லாக்கில் லிங்க் விழுந்த வரியே இல்லையா? அப்போது கேபிளை நோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் ஐபி முகவரியை வேறொரு சாதனம் பயன்படுத்துகிறது என்று ஏஆர்பி (ஒரு ஐபி முகவரி எந்தச் சாதனத்துடையது என்று கேட்டறியும் முறை) எச்சரிக்கை ஏதாவது தெரிகிறதா பாருங்கள். பிஎஃப்சென்ஸின் லேன் (ஆபீஸின் உள் நெட்வொர்க்) முகவரி மாற்றாத வரை 192.168.1.1. வீட்டு வைஃபை ரவுட்டர்கள் பலவற்றுக்கும் அதேதான். யாரோ மூலையில் சிக்னல் வரவில்லை என்று ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருந்தால் போதும், ஆபீஸே தள்ளாடும்.

படி 2: வேகமும் எர்ரரும்

ஸ்டேட்டஸில் இன்டர்ஃபேசஸ் பக்கம். அந்த போர்ட்டின் மீடியா வரியில் 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் பாதி வேலை முடிந்தது. கிகாபிட்டுக்குக் கேபிளின் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை இரண்டு ஜோடி போதும். ஆக, நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்திருந்தால் லிங்க் செத்தும் போகாது, முழுசாகவும் நிற்காது. 1000-க்கு முயன்று, தோற்று, 100-க்கு இறங்கி, மறுபடி முயலும். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எட்டுக் கம்பியும் முனை வரை போயிருக்கிறதா, வெளி உறை பிளக்குக்குள் கவ்வியிருக்கிறதா, பூட்டும் நாக்கு உடைந்திருக்கிறதா. நாக்கு உடைந்த பிளக் அந்தப் பக்கம் யாராவது பெருக்கினாலே அசையும்.

வேகம் சரியாக இருந்தால் எர்ரர் எண்ணைக் குறித்துவைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் அப்படியே நின்றால் அது பழைய கதை, ஏறிக்கொண்டே போனால்தான் பிரச்சினை. கொலிஷனும் (டேட்டா மோதல்) ஏறுகிறதென்றால் ஒரு பக்கம் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும்) என்று கட்டாயப்படுத்தி, மறுபக்கம் ஆட்டோவில் (இரு முனையும் தாங்களே பேசி முடிவு செய்வது) விட்டிருப்பார்கள். அப்படி விட்டால் ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (மாறி மாறித்தான் அனுப்ப முடியும்) போய்விடும். இரண்டையும் ஆட்டோவில் வையுங்கள். கையால் வேகம் பொருத்துவது பழைய காலத்துப் பழக்கம். தாமிரக் கிகாபிட்டுக்கு ஆட்டோ கட்டாயம்.

படி 3: ஒன்று மாற்று, காத்திரு

முதலில் கேபிள். கடையில் வாங்கிய, நன்றாக வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த கேட்-6 பேட்ச் கார்டு ஒன்றைப் போடுங்கள். தாமிரம் பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மடக்கி மடக்கி எடுத்தால் உள்ளேயே ஒடிந்துவிடும், ரேக்குக்குள் அது வேண்டவே வேண்டாம். லிங்க் இன்னும் விழுந்தால் ஸ்விட்ச்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் ஃபயர்வால் போர்ட் மேல் கை வைக்க வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் பிரச்சினை தீரலாம், எது கெட்டது என்று மட்டும் தெரியாமலே போகும், அந்தக் கெட்ட கேபிளும் டிராயருக்குப் போய் அடுத்த மாதம் வேறு யாருக்காவது வாய்க்கும்.

படி 4: போர்ட்டை மாற்றுவது

டயக்னாஸ்டிக்ஸில் பேக்கப் எடுத்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்யுங்கள், தூரத்திலிருந்து செய்தால் கதவைப் பூட்டிச் சாவியை உள்ளே விட்ட கதைதான். இன்டர்ஃபேசஸில் அசைன்மென்ட்ஸ் போய், லேனுக்கு எதிரே காலியாக உள்ள போர்ட்டைத் தேர்ந்தெடுத்து சேவ் பண்ணுங்கள், உடனே கேபிளையும் அங்கே மாற்றிச் செருகுங்கள். ரூல்களும் டிஹெச்சிபியும் (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் சேவை) லேன் என்ற பெயரோடு ஒட்டியிருப்பதால் அவை கூடவே வந்துவிடும். பழைய போர்ட்டின் மேல் விலேன் (ஒரே போர்ட்டில் பிரித்து ஓட்டும் தனித்தனி நெட்வொர்க்குகள்) ஓடினால் அவற்றின் தாய் போர்ட்டைத் தனியாக மாற்ற வேண்டும், இதைத்தான் பலரும் மறப்பார்கள்.

புது போர்ட்டில் இரண்டு மூன்று வேலை நாள் லாக் சுத்தமாக இருந்தால் பழைய போர்ட்தான் போயிருக்கிறது. அங்கும் விழுந்தால் பெட்டியின் பவர் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். செத்த போர்ட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வரும் ஆள் காலியாக இருக்கிறதே என்று அதிலேயே கேபிளைச் செருகுவார்.