பாலிசில 'கிடையாது'ன்னு இருந்தா எங்கன போகணும்: நெல்லைப் பக்கத்து திருநங்கை, திருநம்பிகளுக்கு

மொதல்ல ஒங்க மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசி புக்கை எடுங்க, ஏஜென்ட் தந்த கலர் நோட்டீஸ் இல்ல, முழு புக்கு. அதுல விலக்குகள்னு வர்ற பக்கத்துல கோடு (Code) 07-ன்னு தேடுங்க. உடம்ப எதிர்பாலின உடம்பா மாத்துத எந்த வைத்தியத்துக்கும், ஆபரேஷனையும் சேத்து, காசு கிடையாதுன்னு இருக்கும். இது ஒரு கம்பெனிக்காரன் குசும்பு இல்ல, 2019 செப்டம்பர்ல இன்சூரன்ஸ் கம்பெனிகள மேய்க்குத ஐஆர்டிஏஐ எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதிக் குடுத்த வாசகம். அதே வருஷம் டிசம்பர்ல வந்த திருநர் சட்டம், 15-ஆவது பிரிவுல, ஆபரேஷன் ஹார்மோன் லேசர் எல்லாத்துக்கும் காப்பீடு கிடைக்க அரசாங்கம் வழி பண்ணணும்னு சொல்லுது. வேடிக்கைய பாத்தியளா.

அதனால ஆபரேஷனுக்கு பிரைவேட் பாலிசிய நம்பி பிரீமியம் கட்டாதிய. அதுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்தான் வழி, வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும், ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். 2022-லருந்து பாலின ஆபரேஷனும் அதுல இருக்கு. ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ கிட்ட வாங்குன வருமானச் சான்று, இதோட கலெக்டர் தர்ற திருநர் சான்றிதழும் திருநங்கைகள் நல வாரிய அட்டையும் இருந்தா எடுத்துக்கிட்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் போங்க. இங்கதான் நெறைய பேருக்கு சிக்கும், வீட்ட விட்டு வந்து வருஷமாச்சு, பேரு இன்னும் அப்பா கார்டுலதான் பழைய பேரோட கெடக்கும். தனி ரேஷன் கார்டு வாங்குத சோலிய மொதல்ல முடிங்க, மத்ததெல்லாம் அதுக்குப் பொறவுதான் நகரும்.

அடுத்து ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரில காப்பீட்டுத் திட்ட கவுண்டர்ல, இந்த ஆபரேஷன் இங்க பண்ணுதாவளான்னு கேளுங்க. இல்லன்னா மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்புதோம்னு எழுதியே வாங்கிருங்க, வாய்ல சொன்னத நம்பி அம்பாசமுத்திரத்துலருந்து பஸ் ஏறாதிய. சந்தேகம்னா 1800 425 3993-க்கு போன் போடுங்க, காசு இல்ல. பஸ் செலவு, கூட இருக்கவுக சாப்பாடு, பொறவு வீட்ல கெடக்குத நாள்ல போற கூலி, இதெல்லாம் எந்த இன்சூரன்சும் தராது, திருநங்கைக ஜமாத்துலயோ எங்கயோ முன்னாடியே பேசி வச்சிருங்க.

இனி முக்கியமான சங்கதி. கோடு 07 பாலின மாற்று வைத்தியத்துக்கு மட்டுந்தான். டெங்கு, அப்பெண்டிக்ஸ், ரோட்ல விழுந்து கால் ஒடஞ்சது, இதுக்கெல்லாம் நீங்க யாரா இருந்தாலும் காசு வரணும், ஆனா ஹார்மோன் எடுக்கியன்னு ஃபைல்ல ஒரு வரி பாத்ததும் எல்லாத்தையும் அதுலயே கோத்து விட்ருவாவ. டிஸ்சார்ஜ் சம்மரில என்ன நோய், எதனால வந்துச்சுன்னு டாக்டர தெளிவா எழுதச் சொல்லுங்க. திருநம்பிகளுக்கு இன்னொரு தொல்லை, பாலிசில ஆண்னு இருக்கும், கர்ப்பப்பை கட்டிக்கு பில்லு போட்டா சிஸ்டமே ஏத்துக்காது. அப்ப ஸ்கேன் ரிப்போர்ட்டும் திருநர் சான்றிதழும் சேத்து எழுத்துல குடுக்கணும். மனநல வைத்தியத்தையும் விட்ராதிய, மத்த நோய் மாதிரியே அதுக்கும் இன்சூரன்ஸ் இருக்கணும்னு 2017 மனநலச் சட்டம் சொல்லுது.

பாலிசி போடும்போது ஹார்மோனையோ பழைய ஆபரேஷனையோ மறைக்காதிய. மறைச்சது தெரிஞ்சா டெங்கு கிளைமும் போச்சு. அஞ்சு வருஷம் விடாம கட்டுனதுக்குப் பொறவு மோசடின்னு நிரூபிச்சாத்தான் அதக் காட்டி மறுக்க முடியும்.

மறுத்துட்டாங்கன்னா எந்த கோடுன்னு எழுத்துல கேளுங்க. கம்பெனியோட குறைதீர்ப்பு பிரிவுக்கு எழுதுங்க, 30 நாள்ல பதில் வரலன்னாலோ, வந்த பதில் சரியில்லன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள சென்னைல இருக்க இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (கம்பெனிக்கு வெளிய இருந்து குறை தீர்க்குதவுக) புகார் போடுங்க. ஃபீஸ் கிடையாது, வக்கீல் வரக்கூடாது, நாமளே பேசணும், 50 லட்சம் வரைக்கும் அவுக தீர்ப்பு சொல்லலாம்.