கிளாரி விதைக்கப் போகிறீர்களா? முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

நிறத்துக்காகப் பாத்தியிலும் ஜாடியிலும் வைக்கும் கிளாரிச் செடியை வளர்க்கிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. செடியின் உச்சியில் ஊதா, ரோஸ், வெள்ளை என்று விரிந்து நிற்பதைப் பூ என்று நினைத்துவிடுகிறார்கள். அது பூ இல்லை, இலை. நம்மூர் காகிதப்பூவில் நிறமாகத் தெரிவதும் இலைதானே, அதே கதை. கிட்டே போய்ப் பார்த்தால் அந்த நிற இலைகளில் அடர்ந்த நிறத்தில் நரம்பு ஓடுவது தெரியும். நிஜப் பூ அதற்குக் கீழே, சதுரத் தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக, சுண்டுவிரல் நகம் அளவில் இரண்டு உதடு விரித்து ஒளிந்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால், எப்போது வெட்டுவது, எதைக் கிள்ளுவது, எதை விட்டுவைப்பது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு தவறு இருக்கிறது, அது கடையிலேயே நடப்பது. கிளாரி என்ற பெயரில் இரண்டு செடிகளின் விதை விற்கிறார்கள். நமக்கு வேண்டியது சால்வியா விரிடிஸ். பழைய பாக்கெட்டுகளிலும் சில கடைகளிலும் இதையே சால்வியா ஹார்மினம் என்று போட்டிருப்பார்கள், பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். விதைத்த வருடமே நிறம் காட்டி, விதை விட்டு, முடிந்துபோகும். இன்னொன்று சால்வியா ஸ்கிளேரியா. வாசனை எண்ணெய் எடுப்பது அதில்தான். முதல் வருடம் தரையோடு பெரிய இலையாகப் படுத்துக் கிடந்து, அடுத்த வருடம்தான் மூன்றடிக்கு மேல் எழும்பிப் பூக்கும். ஆடி மாதம் ஜாடியில் வைக்கலாம் என்று ஆசைப்பட்டு இதை வாங்கி விதைத்தவர்கள் வருடம் முழுக்க இலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ப்ளூ மண்டே, பிங்க் சண்டே, ஒயிட் ஸ்வான், மார்பிள் ஆர்ச் என்ற ரகப் பெயர் இருந்தால் அது நாம் தேடுகிற ஒரு பருவக் கிளாரி. இதில் மார்பிள் ஆர்ச் கொஞ்சம் குட்டை, பாத்தி ஓரத்துக்கு நல்லது. ஜாடிக்கு வெட்டத்தான் வளர்க்கிறீர்கள் என்றால் ஒன்றரை முதல் இரண்டடி வரும் ரகமாகப் பார்த்து எடுங்கள்.

சரி, விதைப்பு. இங்கிலாந்தில் ஏப்ரல், மே மாதங்களில் மண் தொட்டால் சில்லென்று இல்லாதபோது பாத்தியிலேயே நேரடியாகத் தூவலாம். அவசரப்பட்டு மார்ச் தொடக்கத்தில் ஈரமும் குளிருமான மண்ணில் போட்டால் விதை அழுகத்தான் செய்யும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைக்க வேண்டிய விதை இது, அதற்கு 18 முதல் 21 டிகிரி வரை சூடு இருந்தால் போதும். ஆழமாகப் புதைப்பதும் வீண். மேலே மெல்லிசாக மண் தூவினால் போதும், கால் அங்குலத்துக்கு மேல் போகவே கூடாது. விதையைத் தண்ணீரில் ஊறவைத்து விதைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அவரைக்கும் பாகற்காய்க்கும் அது சரி, இதற்கு வேண்டாம். இது துளசி குடும்பத்துச் செடி. ஈரம் பட்டதும் விதையைச் சுற்றி சப்ஜா விதை போலவே வழவழவென்று கூழ் கட்டிக்கொள்ளும், அப்புறம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரலை விட்டு வராது, தூவவும் முடியாது. காய்ந்த விதையைக் காய்ந்த கையால் தூவிவிட்டு, அதன் பிறகு பூவாளியால் தண்ணீர் விடுங்கள்.

செப்டம்பரிலும் விதைக்கலாம். லேசான உறைபனியைத் தாங்கும் செடி என்பதால் தென் இங்கிலாந்து மாதிரி மிதமான இடங்களில், தண்ணீர் தேங்காத மண்ணில் குளிர்காலத்தைக் கடந்து, வசந்தத்தில் விதைத்ததைவிட முன்னதாகவே நிறத்துக்கு வந்துவிடும், செடியும் தாட்டியாக இருக்கும். டொரோன்டோ பக்கம் இருப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம், அந்தக் குளிர் வேறு.

குழித்தட்டில் நாற்று விட்டு நடுவதும் உண்டு, தப்பில்லை, ஆனால் நாற்றைத் தட்டிலேயே முதிர விட்டு வேர் சுருண்டபின் பிய்த்து நடாதீர்கள். வேரைக் கலைப்பது இதற்குப் பிடிக்காது. சின்னதாக இருக்கும்போதே மண் கட்டியோடு மாற்றிவிட வேண்டும். நாற்றுத் தட்டில் எப்போதும் ஈரம் சொட்டினால் அடித்தண்டு கறுத்து நாற்றழுகல் வரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

முளைத்த பிறகு கை வராமல் போகிற வேலை ஒன்று இருக்கிறது: கலைத்து விடுவது. நன்றாக முளைத்த செடியைப் பிடுங்கிப் போட யாருக்குத்தான் மனது வரும்? ஆனால் விட்டுவைத்தால் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு எல்லாமே ஒல்லியாக உயர்ந்து, மழை வந்ததும் மொத்தமாகச் சாய்ந்துவிடும், காற்றோட்டம் இல்லாமல் சாம்பல் நோயும் சேர்ந்துகொள்ளும். செடிக்குச் செடி ஒரு சாண், இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்காமல் இரண்டு தவணையாகச் செய்யுங்கள், ஏனென்றால் ஓடில்லா நத்தைகள் தங்கள் பங்குக்கு ஒரு கலைப்பு நடத்தும். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் இளங்குருத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். கையால் எடுத்துப் போடுவதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

செடி நாலைந்து அங்குலம் வந்ததும் நுனியை ஒரு தடவை கிள்ளினால் பக்கக் கிளை கூடும், வெட்ட அதிகத் தண்டு கிடைக்கும். கிள்ளாவிட்டாலும் குடி முழுகாது.

எரு விஷயத்தில்தான் நம்மவர்கள் அன்பைக் கொட்டிக் கெடுக்கிறார்கள். இது மத்தியதரைக்கடல் ஓரத்திலிருந்து கிரிமியா, ஈரான் வரை காய்ந்த, கல் கலந்த மண்ணில் தானாக வளரும் செடி. அதற்குக் கத்தரிக்குப் போடுவது மாதிரி தொழு உரமும் திரவ உரமும் ஊற்றினால் இலை தளதளவென்று வரும், தண்டு தொளதொளத்துச் சாயும், நிறமும் சோகையாக இருக்கும். சாதாரண மண், நாள் முழுக்க வெயில், வேர் பிடிக்கும்வரை தண்ணீர், இவ்வளவே போதும். நிழலில் வைத்துவிட்டு நிறம் வரவில்லை என்று உரக்கடைக்குப் போகாதீர்கள்.

வெட்டுவதில் நடக்கும் தவறு இரண்டு விதம். உச்சி இலை லேசாக நிறம் காட்டியதுமே வெட்டினால் தண்டு இன்னும் இளசு, ஜாடியில் வைத்த அரை நாளில் தலை தொங்கிவிடும். உச்சிக் கொத்து முழுக்க நிறம் ஏறி, தண்டைப் பிடித்தால் விறைப்பாக இருக்கும்போது, விடியற்காலையில் வெட்டுங்கள். கீழ் இலைகளை உருவிவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் சில மணி நேரம் குளிர்ச்சியான இருட்டறையில் நிறுத்தி வைத்தபிறகு ஜாடிக்கு மாற்றினால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். இன்னொரு விதம், கீழே இருக்கும் குட்டிப் பூக்கள் வாடி உதிர்ந்ததைப் பார்த்து, செடி முடிந்துவிட்டது என்று மொத்தமாக அறுத்து எறிவது. அவசரமே இல்லை, பூ போன பிறகும் நிற இலைகள் பல வாரம் அப்படியே இருக்கும், பாத்திக்கு இதை வைப்பதே அதற்காகத்தான். தொடர்ந்து வெட்ட வேண்டும் என்றால் ஒரே நாளில் பாக்கெட்டைக் காலி செய்யாமல் மூன்று வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாக விதையுங்கள்.

உலர்த்தி வைக்கவும் இது அருமையான செடி, ஆனால் ஜன்னலோர வெயிலில் தொங்கவிட்டால் ஊதா வெளுத்துப்போகும். சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, இருட்டும் காற்றும் உள்ள இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

விதை எடுக்க நினைத்தால் சில தண்டுகளை வெட்டாமல் விட வேண்டும். பூ இருந்த கிண்ணம் காய்ந்து பழுப்பானதும் உள்ளே பார்த்தால் அடியில் நாலு விதை வரை இருக்கும். தேனீக்கள் மொய்க்கும் செடி என்பதால், ஊதாவும் ரோஸும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தால் அடுத்த வருடம் நிறம் கலந்து வரலாம், தனி நிறம்தான் வேண்டும் என்பவர்கள் புதுப் பாக்கெட் வாங்குவது நல்லது. எடுக்காமல் விட்ட விதை தானே விழுந்து பாத்தியில் முளைக்கும், வசந்தத்தில் களை என்று நினைத்துக் கொத்திவிடாமல் கொஞ்சம் பாருங்கள்: பூனை முடி மாதிரி மெல்லிய ரோமம், சதுரத் தண்டு, எதிரெதிராக இலை.